4294967297: அடி 2 "ஓம்" எண்டுது, அடி 3 "இல்லை" எண்டுது. எதை நம்புறது?

பரந்தன் சந்தி · வெள்ளி இரவு 7.42

உயர்தரப் பிள்ளையளுக்கு முதன்மை எண் சோதனை காட்ட எடுத்த எண் இது: 2³² + 1 = 4294967297. வாயால சொன்னால் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297.

கடைசி இலக்கம் 7, ஆகவே 2-உம் 5-உம் இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, ஆகவே 3 இல்லை. 7-ஆல் வகுக்க மீதி 5, 11-ஆல் 5, 13-ஆல் 10. இப்படியே ஒவ்வொண்டா வகுத்துக்கொண்டு போனால் வர்க்கமூலமான 65536 வரை போகவேணும். அதுக்குள்ள 6542 முதன்மை எண் கிடக்கு, விடியும்.

அதனால பேர்மாவின் சிறிய தேற்றம். எண் முதன்மையெண்டால், அது வகுக்காத எந்த அடியை எடுத்தாலும், (எண் − 1) ஐச் சுட்டியாய்ப் போட்டு அந்த எண்ணாலேயே வகுக்க மீதி 1 வரவேணும். அடி 2-க்கு மீதி 1, அச்சொட்டாய் வருது. அடி 3-க்கு வாற மீதி 3029026160. ரெண்டில எது சரி?

முத்தையன்கட்டு · 7.58

ரெண்டும் சரியான கணக்குத்தான். ஆனால் நம்பவேண்டியது அடி 3-ஐ. ஒரே ஒரு அடியில மீதி 1 வராமல் போனாலே அது சேர்த்தி எண், மறுபேச்சில்லை. மீதி 1 வந்தால் ஒண்டும் முடிவாகாது.

4294967297 = 641 × 6700417

6700417 × 600 = 4020250200. 6700417 × 41 = 274717097. கூட்டிப் பாருங்கோ.

ஒன்பதால சரிபார்க்க: 641-இன் இலக்கங்கள் 11, அது 2. மற்றதின் இலக்கங்கள் 25, அது 7. 2 × 7 = 14, அது 5. எங்கட எண்ணின் 59-உம் 14, 5. ஆனால் ஒன்பதோட நிக்காதேங்கோ. 6700471 எண்டு கடைசி ரெண்டும் இடம்மாறி விழுந்தாலும் ஒன்பதுக்குத் தெரியாது. பதினொண்டாலயும் பார்க்கவேணும்: வலப்பக்கத்திலயிருந்து மாறிமாறிக் கூட்டிக் கழிக்க 641 → 3, 6700417 → 9, பெருக்கம் 27, மீதி 5. நீங்கள் மேல 11-ஆல் எடுத்த மீதியும் 5. இடம்மாறின 6700471 எண்டால் 2 வந்து காட்டிக்குடுத்திருக்கும்.

வவுனிக்குளம் · 8.05

அண்ணை, அவ்வளவு பெரிய பெருக்கல் இல்லாமல் 641-ஆல் வகுபடும் எண்டு காட்ட ஏலாதோ? கல்குலேற்றரும் இல்லாமல்.

முத்தையன்கட்டு · 8.16

ஏலும் தம்பி. 2-ஐத் திருப்பித் திருப்பி வர்க்கிச்சு, ஒவ்வொருக்காலும் 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் கொண்டுபோ.

2⁸ = 256
2¹⁶ = 256² = 65536. 641 × 102 = 65382. மீதி 154.
2³² → 154² = 23716. 641 × 37 = 23717. ஒண்டு குறையுது, அதாவது மீதி −1.

2³²-க்கு மீதி −1 எண்டால் 2³² + 1-க்கு மீதி 0. மூண்டு வரி, வேலை முடிஞ்சுது.

இன்னுமொரு வழி, இதில வகுத்தலே இல்லை. 641-ஐ ரெண்டு விதமாய் எழுது: 641 = 5 × 2⁷ + 1, 641 = 5⁴ + 2⁴. முதலாவதின்படி 5 × 2⁷-க்கு மீதி −1. அதை நாலாம் வலுவாக்கு: 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. ரெண்டாவதின்படி 5⁴-உம் −2⁴-உம் ஒரே மீதி. 5⁴-ஐ எடுத்துப்போட்டு −2⁴-ஐ வை: −2³²-க்கு மீதி 1. அவ்வளவுதான்.

வவுனிக்குளம் · 8.21

விளங்கீட்டுது. ஆனால் 641 எண்டு முதலே தெரிஞ்சால்தானே இதெல்லாம்? அதை எங்கயிருந்து பிடிக்கிறது?

நெடுங்கேணி · 8.40

தம்பி கேட்டதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் விடையைப் பார்த்துக்கொண்டு செய்யிற கணக்கு.

வரலாறு சுருக்கமாய். 2-இன் சுட்டியும் 2-இன் வலுவாய் இருந்து அதோட 1 கூட்டினால் வாறவை பேர்மா எண்கள்: 3, 5, 17, 257, 65537, பிறகு இந்த 4294967297. முதல் ஐந்தும் முதன்மை. 1640-இல் பேர்மா எல்லாமே முதன்மை எண்டு நம்பிக் கடிதம் எழுதினார். 1729-இல் கோல்ட்பாக் அந்தக் கேள்வியை ஓய்லருக்கு எழுதினார். 1732-இல் ஓய்லர் 641-ஐக் காட்டி ஆறாவதை உடைச்சார். காரணிகள் எந்த வடிவத்தில வரும் எண்ட நிரூபணத்தைப் பின்னாளில எழுதினார்.

அந்த வடிவம் இதுதான். ஒரு முதன்மை எண் 2³² + 1-ஐ வகுக்குது எண்டு வை. அப்ப 2³²-க்கு மீதி −1, 2⁶⁴-க்கு மீதி 1. 2-இன் வலுக்களில முதன்முதல் மீதி 1 வாற சுட்டி 64-ஐ வகுக்கவேணும், 32-ஐ வகுக்கக்கூடாது. ஆகவே அது 64-ஏ தான். அந்தச் சுட்டி (முதன்மை − 1) ஐ வகுக்கும் எண்டது தெரிஞ்ச விசயம். ஆகவே காரணி எதுவும் 64-இன் மடங்கோட 1 கூட்டினதாய்த்தான் இருக்கும்.

எழுதிப் பார்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில முதன்மை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில ஆள் பிடிபடுவார். கண்ணை மூடிக்கொண்டு 2, 3, 5 எண்டு வகுத்துக்கொண்டு வந்தால் 641 எண்டது 116-ஆவது முதன்மை.

முத்தையன்கட்டு · 8.52

நெடுங்கேணி அண்ணை சொன்னதோட ஒண்டு. 1878-இல் லூகா 64-ஐ 128 ஆக்கினார். காரணி 8-இன் மடங்கு + 1 ஆய் இருக்கிறதால 2-க்கு அந்த மட்டில (அதாவது அந்தக் காரணியால் வகுத்து மீதியை மட்டும் பார்க்கேக்க) வர்க்கமூலம் உண்டு. அந்த மூலத்துக்கு மீதி 1 வாற சுட்டி 128. ஆகவே 128-உம் (முதன்மை − 1) ஐ வகுக்கும்.

இப்ப பட்டியல்: 129, 257, 385, 513, 641. முதன்மை ரெண்டே ரெண்டு. அதிலயும் 257 தானே ஒரு பேர்மா எண். ரெண்டு பேர்மா எண்களுக்குப் பொதுக் காரணி 1-ஐத் தவிர வராது, அதனால 257-ஐத் தொடவும் தேவையில்லை. முதல் வகுத்தலே 641.

மல்லாவி ரீச்சர் · 9.10

எல்லாரும் 641-ஐக் கொண்டாடுகிறீர்கள். மற்றக் காரணி 6700417 முதன்மையா என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளும் இப்படித்தான், ஒரு காரணி கிடைத்தவுடன் பேனையை வைத்துவிடுவார்கள்.

6700417-இன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். சாதாரணமாகப் பார்த்தால் 370-க்கு மேற்பட்ட முதன்மை எண்களால் வகுக்க வேண்டும். ஆனால் அதன் காரணி எதுவும் 4294967297-இன் காரணியும்தான், ஆகவே 128-இன் மடங்கு + 1 என்ற வடிவம் இங்கேயும் செல்லும். 2588-க்குள் அந்த வடிவத்தில் இருபது எண்கள். அவற்றில் 897 = 3 × 13 × 23, 1537 = 29 × 53, 1793 = 11 × 163, 1921 = 17 × 113, 2177 = 7 × 311, 2561 = 13 × 197 போன்றவை கழிந்துவிடும். மிஞ்சுவது ஐந்து:

257 × 26071 = 6700247, மீதி 170
641 × 10453 = 6700373, மீதி 44
769 × 8713 = 6700297, மீதி 120
1153 × 5811 = 6700083, மீதி 334
1409 × 4755 = 6699795, மீதி 622

ஒன்றிலும் 0 இல்லை. ஆகவே 6700417 முதன்மை. 641-ஐ இரண்டாம் முறையும் சோதித்தது வேண்டுமென்றேதான். விட்டால் 641² காரணியாக இருக்கக்கூடும் என்ற வழி திறந்தே இருக்கும்.

இனி மற்றவை தானாக வரும். காரணிகள் நான்கு: 1, 641, 6700417, எண் தானே. தன்னை விட்டு மற்ற மூன்றின் கூட்டுத்தொகை 6701059. எண்ணின் பருமனுக்கு இது ஒன்றுமேயில்லை, மிகக் குறைவுள்ள எண். எண்ணுக்குக் கீழே அதோடு பொதுக் காரணி இல்லாதவை 640 × 6700416 = 4288266240.

பரந்தன் சந்தி · 9.18

நன்றி ரீச்சர். ஆனால் என்ர முதல் கேள்வி அப்படியே நிக்குது. அடி 2 ஏன் ஏமாத்தினது? அப்ப அந்தச் சோதனையே குப்பையோ?

முத்தையன்கட்டு · 9.37

சோதனை குப்பையில்லை. கேட்ட ஆள் பிழை. எண்ணே 2-ஆல கட்டினது. அதைப் பற்றி 2-இட்ட விசாரிச்சால் சொந்தக்காரனுக்குச் சார்பாய்த்தான் சொல்லும்.

கணக்கு இது. எங்கட எண்ணை மட்டாய் வைச்சால் 2³²-க்கு மீதி −1, 2⁶⁴-க்கு மீதி 1. சோதனையில வாற சுட்டி 2³², அதாவது 4294967296. அது 64-இன் மடங்கு. ஆகவே மீதி 1 வந்தே தீரும், எண் முதன்மையோ இல்லையோ. எந்தப் பேர்மா எண்ணை எடுத்தாலும் அடி 2 "ஓம்" எண்டுதான் சொல்லும். இன்னும் கடுமையான மில்லர்–ராபின் சோதனையையும் அடி 2-ஓட செய்தால் இந்த எண் தப்பும், ஏனெண்டால் வழியில −1 வந்துபோகுது.

அடி 4, 8, 16 எண்டு மாத்திப் பார்த்துப் பிரயோசனமில்லை. எல்லாம் 2-இன் வலு.

இப்ப அடி 3-ஐ 641-இன் மட்டில மட்டும் பாருங்கோ. ஒவ்வொரு வரியும் முந்தினதின் வர்க்கத்தின் மீதி:

3, 9, 81, 151, 366, 628, 169, 357, 531, 562, 472, 357, 531, …

357 திரும்ப வந்திட்டுது. இனி 357, 531, 562, 472 எண்டு நாலும் வட்டமாய்ச் சுத்தும், 1 ஒருநாளும் வராது. 31-ஆவது வர்க்கத்தில 357-இல நிக்கும், 32-ஆவதில 531. பரந்தன் எடுத்த 3029026160-ஐ 641-ஆல் வகுத்துப் பாருங்கோ, மீதி 531.

ஏன் 1 வராது? 640 = 2⁷ × 5. வர்க்கிக்கிறது எண்டால் சுட்டியை ரெண்டால பெருக்கிறது. எத்தனைதரம் பெருக்கினாலும் 2 மட்டும்தான் தீரும், அந்த 5 தீராது. சுத்துற நாலும் 1-இன் ஐந்தாம் மூலங்கள். நாலையும் கூட்டி 1-ஐயும் சேர்த்தால் 1923 = 3 × 641.

ஏமாத்துற அடிகள் எத்தனை? 640-க்கும் 2³²-க்கும் பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுட் பெரியது) 128. 6700416 = 2⁷ × 3 × 17449, அதுக்கும் 2³²-க்கும் பொ.கா.பெ. 128. ஆகவே 128 × 128 = 16384 அடிகள். 429 கோடியில 16384, அதாவது 262144-க்கு ஒண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடியை எடுத்திருந்தால் ஏமாந்திருக்கவே மாட்டியள். உலகம் முழுக்க முதல்ல எடுக்கிற அடி 2 அந்த ஒண்டுக்குள்ள விழுந்தது.

3-ஐ விட்ட பேர்மா எண்களுக்கெண்டே 1877-இல் பெப்பின் குடுத்த சோதனை உண்டு: 3-இன் சுட்டியை (எண் − 1)-இன் அரைவாசியாய் வை. மீதி −1 வந்தால் முதன்மை, வராட்டில் இல்லை. ஓமோ இல்லையோ எண்டு முடிவாய்ச் சொல்லும். எங்கட எண்ணுக்கு மீதி 10324303. வரவேண்டியது 4294967296.

கொக்காவில் கோபுரம் · 9.55

இதைப் புரோகிராமாய் எழுதப்போறவை கவனிக்க. அறிவியல் நகர் பொறியியற் பீடத்துப் பிள்ளையளும் பார்க்கினமெண்டால் அவைக்கும்.

சி மொழியில 32 பிட் குறியில்லா முழுவெண்ணின் உச்சம் 4294967295. எங்கட எண் அதைவிட 2 கூட. உள்ள போட்டால் சுத்தி 1 ஆகும். பிறகு எதையும் 1-ஆல் வகுக்க மீதி 0, எல்லா எண்ணும் "வகுபடும்".

64 பிட் குறியுள்ள முழுவெண்: 3037000499-க்கு மேற்பட்டதை வர்க்கிச்சால் உடையும். அடி 3-இல் ஐந்தாவது வர்க்கத்திலயே 3793201458 வந்திடுது. ஆறாவதில விடை குப்பை.

64 பிட் குறியில்லாதது: இங்கதான் நல்ல பகிடி. மீதி எவ்வளவு பெரிசாய் வந்தாலும் உச்சம் 2³². அதின் வர்க்கம் 2⁶⁴, கொள்ளளவைவிடச் சரியாய் 1 கூட. அதாவது இந்த மட்டில உடையக்கூடிய மீதி ஒரே ஒண்டு, −1. அடி 2-ஐப் போட்டால் 2, 4, 16, 256, 65536, 4294967296 எண்டு நேர போய் அதிலதான் விழும். அடுத்த வர்க்கம் 1-க்குப் பதிலாய் 0 ஆகும். புரோகிராம் "முதன்மை இல்லை" எண்டு சொல்லும். விடை சரி, காரணம் முழுப்பிழை. சரியான விடை வந்திட்டுது எண்டு அதை அப்படியே வேற எண்ணுக்கும் பாவிச்சால் மாட்டுப்படுவியள்.

எக்செல் 15 இலக்கம்தான் காட்டும். 3³² = 1853020188851841, 16 இலக்கம். எக்செல் கடைசி 1-ஐ 0 ஆக்கிக் காட்டும். காசியோவில் 1.853020189 × 10¹⁵ எண்டு வரும், கீழ் இலக்கங்கள் போச்சு.

பைதனில் கவலையில்லை. வலு எடுக்கிற பவ் எண்ட கட்டளைக்கு அடி, சுட்டி, மட்டு மூண்டையும் ஒண்டாய்க் குடுங்கோ. சுட்டியை முதல்ல ஏத்தி, பிறகு மீதி எடுக்க வெளிக்கிட்டால் 3-இன் 429 கோடியாம் வலுவை முழுசாய்க் கட்டப் பார்க்கும், கொம்பியூட்டர் இறுகிப்போகும்.

வவுனிக்குளம் · 10.02

தாளில செய்யிறவனுக்கு ஒரு வழியும் இல்லையோ அண்ணை?

கொக்காவில் கோபுரம் · 10.14

உண்டு. இந்த மட்டுக்கு நெடும் வகுத்தல் தேவையில்லை. 2³²-க்கு மீதி −1 தானே? ஆகவே பெரிய எண்ணை 4294967296-ஆல் வகுத்து ஈவு, மிச்சம் ரெண்டையும் எடுத்து, மிச்சத்திலயிருந்து ஈவைக் கழி. மறையாய் வந்தால் 4294967297-ஐக் கூட்டு.

3³² = 1853020188851841. ஈவு 431439, மிச்சம் 3793632897. கழிக்க 3793201458. இதை 641-ஆல் வகு, மீதி 628 வரவேணும். முத்தையன்கட்டு அண்ணையின்ர வரிசையில ஆறாவது இடத்தில பார், 628. ஒவ்வொரு படியையும் அந்த வரிசையோட ஒத்துப் பார்த்துக்கொண்டு போனால் பிழை விட்ட இடத்திலயே பிடிக்கலாம். துவிதத்தில எழுதினால் வகுத்தலே இல்லை, கீழ் 32 பிட்டிலயிருந்து மேல் பிட்டுகளைக் கழிக்கிறது மட்டும்.

நெடுங்கேணி · சனி காலை 6.30

ஒரு குறை. எல்லாரும் மட்டுக் கணிதத்திலயே நிக்கிறியள். ஓய்லருக்குப் பிடிச்ச வழி வர்க்கங்களின் கூட்டுத்தொகை.

4-இன் மடங்கு + 1 ஆன முதன்மை எண்ணை ரெண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாய் ஒரே ஒரு விதத்தில்தான் எழுதலாம். எங்கட எண் கட்டும்போதே ஒண்டு வந்திட்டுது: 65536² + 1². ரெண்டாவது ஒண்டு கிடைச்சால் ஆள் முதன்மையில்லை. கிடைக்குது:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297

இதிலயிருந்து காரணியைக் கறக்கலாம். இரட்டையோட இரட்டை, ஒற்றையோட ஒற்றை சேர்த்து வித்தியாசம் எடு: 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448. பொ.கா.பெ. 8. இப்ப கூட்டுத்தொகை: 127800, 20450. பொ.கா.பெ. 50. ரெண்டையும் பாதியாக்கி வர்க்கிச்சுக் கூட்டு: 4² + 25² = 641.

மற்றக் காரணி 2556² + 409². 25 × 2556 + 4 × 409 = 65536 எண்டதையும் 25 × 409 − 4 × 2556 = 1 எண்டதையும் பார்த்தால் முதல் வடிவம் எப்படி வந்ததெண்டு விளங்கும். குறியை மாத்தினால் ரெண்டாவது.

பரந்தன் சந்தி · 7.15

வர்க்க வித்தியாசத்தால் காரணி தேடுறது பேர்மாவின்ரை வழிதானே. அது இங்க உதவுமோ?

நெடுங்கேணி · 7.31

உதவாது. ரெண்டு காரணியும் கிட்டக்கிட்ட இருந்தால்தான் அந்த வழி. இங்க எண் = 3350529² − 3349888². தேடல் 65537-இல் துவங்கி ஒண்டு ஒண்டாய் ஏறி 3350529-க்குப் போகவேணும், 32 இலட்சத்து 84 ஆயிரத்துக்கு மேற்பட்ட படி. ஒரு காரணி மூண்டு இலக்கமும் மற்றது ஏழு இலக்கமுமாய் இருக்கேக்க இதைத் தொடவே கூடாது.

முத்தையன்கட்டு · 7.50

பொல்லார்டின் "முதன்மை − 1" வழி உதவும், ஆனால் அங்கயும் அதே பொறி. 640 சின்னக் காரணிகளாலேயே ஆனது. ஆகவே ஒரு அடியின் 640-ஆம் வலுவிலயிருந்து 1-ஐக் கழிச்சு எங்கட எண்ணோட பொ.கா.பெ. எடுத்தால் 641 விழும். அடி 3-ஐப் போட்டால் 641 தனியாய் விழுது. அடி 2-ஐப் போட்டால் 640 எண்டது 64-இன் மடங்கு, ரெண்டு காரணியும் ஒண்டாய் வகுத்து பொ.கா.பெ. 4294967297 எண்டே திரும்பி வரும். வழி பிழை எண்டு விட்டிட்டுப் போறவை உண்டு. அடியை மாத்தினால் காணும்.

மல்லாவி ரீச்சர் · 9.05

சின்ன வகுப்புக்கும் இதில் ஒன்று இருக்கிறது. 1 ÷ 641 என்ற மீளும் தசமம்:

0.0015600624024960 9984399375975039 …

32 இலக்கத்தில் மீளும். முதல் பதினாறையும் அடுத்த பதினாறையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டச் சொல்லுங்கள், எல்லா இடத்திலும் 9 வரும். காரணம் 10¹⁶ + 1 = 641 × 15600624024961.

ஐந்தைந்தாக வெட்டினால் இன்னும் வடிவு: 00156, 00624, 02496, 09984. ஒவ்வொன்றும் முந்தியதன் நான்கு மடங்கு. ஏனெனில் 100000 = 641 × 156 + 4, ஐந்து இலக்கம் தாண்டும்போது மீதி நான்கால் பெருகுகிறது. அடுத்த கட்டு 39936 ஆக வேண்டும், ஆனால் 39937 என்று நிற்கும். அதற்கடுத்த 159744 ஐந்து இலக்கத்துக்குள் அடங்காமல் 1-ஐ இடப்பக்கம் தள்ளிவிடுகிறது. பிள்ளைகள் "ரீச்சர், கோலம் குழம்பிப் போச்சு" என்பது இந்த இடத்தில்தான். குழம்பவில்லை, கொண்டுசெல்லல்.

எண்ணின் பருமன் பிடிபடாதவர்களுக்கு: ஆயிரம் நெல்மணி 25 கிராம் என்று வைத்தால் 4294967297 மணி 107 தொன்னுக்குச் சற்று மேல். 65 கிலோ மூடையாகக் கட்டினால் ஏறத்தாழ 1650 மூடை.

நெடுங்கேணி · 9.20

காலபோகம் நல்லாய் வந்தால் பார்ப்பம் ரீச்சர்.

கொக்காவில் கோபுரம் · 9.48

எண்ணிலயிருந்து 2-ஐக் கழிச்சால் வாற 4294967295-உம் சும்மா ஆளில்லை. 3 × 5 × 17 × 257 × 65537, முந்தின ஐந்து பேர்மா எண்களின் பெருக்கம். கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் வைச்சு வரையலாம் எண்டு தெரிஞ்ச ஒற்றைப் பக்க ஒழுங்கான பல்கோணிகளில ஆகப் பெரிசு இதுதான். 17 பக்கத்தை 1796-இல் கவுஸ் காட்டினார், வேற எதையும் வரைய ஏலாது எண்ட பக்கத்தை 1837-இல் வான்ட்செல் முடிச்சார். 4294967295-இன் காரணிகள் 32, 1-ஐ விட்டால் 31 பல்கோணி.

பஸ்கால் முக்கோணியில ஒற்றைக்கு 1, இரட்டைக்கு 0 போட்டு ஒவ்வொரு வரியையும் துவித எண்ணாய் வாசியுங்கோ: 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257, … முதல் 32 வரியும் அந்த 32 காரணிகள்தான், ஏறுவரிசையில. 33-ஆவது வரியில ரெண்டு அந்தத்திலயும் 1, நடுவில முழுக்க 0. அதை வாசிச்சால் 4294967297. அந்த வரியில ஒழுங்கு முறியுது, எண் முதன்மையாய் இல்லாததால அந்தப் பல்கோணியை வரைய ஏலாது.

வவுனிக்குளம் · 10.30

அடுத்த பேர்மா எண் 2⁶⁴ + 1. அதுக்கும் காரணி 256-இன் மடங்கு + 1 ஆய்த்தானே வரும்? 274177 = 256 × 1071 + 1 எண்டு கண்டன். மேல சொன்ன மாதிரியே வர்க்கிச்சுப் பார்த்தன்:

2¹⁶ = 65536
2³² = 4294967296. 274177 × 15664 = 4294708528. மீதி 258768, அதாவது −15409.
2⁶⁴ → 15409² = 237437281. 274177 × 866 = 237437282. மீதி −1.

சரியோ அண்ணை?

முத்தையன்கட்டு · 10.41

சரி. 1880-இல் லாண்ட்ரி உடைச்ச எண் அது. மீதியை 258768 எண்டு வைக்காமல் −15409 ஆக்கினது நல்ல வேலை, வர்க்கம் 11 இலக்கத்திலயிருந்து 9 இலக்கத்துக்கு இறங்கிச்சுது. மற்றக் காரணி 67280421310721. அதை முதன்மையெண்டு காட்ட ரீச்சரின்ர வழியில போனால் வர்க்கமூலம் 82 இலட்சத்துக்கு மேல, 256-இன் மடங்கு + 1 ஆய் 32040 எண் வரும். அதைக் கையால செய்யாதை, கொக்காவிலிட்டக் குடு.